ஊழியப் பயணத்தின் நடுவே பெங்களூருவில் ஓவியக் கண்காட்சி வைக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலுக்குப் பார்த்தால் மூன்று விஷயம். ஒடிசா மலைப்பகுதியில் ஊழியம் செய்கிறீர்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விடுப்பில் சென்னை, பெங்களூரு, மும்பை சபைகளைச் சுற்றி வரப்போகிறீர்கள். நீங்களே வரைந்த வேதாகமப் படங்கள் 60 கையில் இருக்கின்றன. பெங்களூருவில் ஹால் எங்கே கிடைக்கும், அனுமதி வாங்க வேண்டுமா, படங்களை ரயிலில் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ‘இது ஊழியத்துக்கு உதவுமா, இல்லை என் ஆசைக்குத்தானா?’ என்று போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அசல் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பெட்டி.

அதற்கும் முன்னால் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். என் அப்பா சிவாஜிநகரில் ஃப்ரேம் கடை வைத்திருந்தார். நான் பெங்களூரு ஓவியக் கல்லூரியான சித்ரகலா பரிஷத்தில் ஓவியம் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்துகொண்டே, 22 வருஷமாக மற்றவர்களுடைய படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பிறந்தது கத்தோலிக்க வீடு, வாழ்க்கைப்பட்டது சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். இரண்டு பக்கத்து ஹால்களிலும் ஏணி ஏறியிருக்கிறேன். மாட்டுவது, கட்டுவது பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பலாம். சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். படம் பார்த்தவர் மனசுக்குள் என்ன நடக்கும் என்பது பற்றிச் சொல்வதெல்லாம் வெறும் அபிப்பிராயம்.

60 படம் வேண்டாம். 24 போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதென்றால் சரக்கு ஏற்றும் பிரேக் வேனில் போட வேண்டியதுதான், அங்கே உங்கள் பெட்டிக்கு மேல் என்ன ஏறும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஏசி மூன்றடுக்கில் பெட்டி அளவு இன்னும் சிறிது, 55-க்கு 45-தான். ஆகவே ஸ்லீப்பரிலேயே வாருங்கள். படங்களையெல்லாம் ஒரே அளவு மவுண்டில், அதாவது சுற்றி ஓரம் விட்ட அட்டையில், 40-க்கு 50 சென்டிமீட்டரில் ஒட்டிவிட்டால், 100-க்கு 60 டிரங்குப் பெட்டியில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு அடுக்கு பக்கம் பக்கமாக உட்காரும். உள்ளே இருக்கும் படம் பெரிதோ சிறிதோ, வெளி அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அளவு மாறினால் பெட்டிக்குள் ஆட்டம் வந்துவிடும், மூலைதான் முதலில் அடிபடும்.

கண்ணாடி போட்ட ஃப்ரேமோடு பயணம் கிளம்பாதீர்கள். ஃப்ரேம் கடைக்காரர் மகளே இதைச் சொல்வது வேடிக்கைதான். ஒரு முறை ஒரு சபைக்காக 40 படங்களைக் கண்ணாடி போட்டு, பழைய பெட்ஷீட் சுற்றி, டெம்போவில் ஏற்றினோம். ஓசூர் ரோடு வரைக்கும்தான். இறக்கும்போது பெட்ஷீட்டுக்குள் சலங்கை மாதிரி சத்தம். பதினொரு கண்ணாடி போயிருந்தது. கண்ணாடி போனால் மாற்றிக்கொள்ளலாம், உடைந்த சில்லு வாட்டர்கலர் மேல் உரசிக்கொண்டே வந்திருந்ததே, அதை என்ன செய்வது? மரியாளின் முகத்தில் கோடு. வரைந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து நான் 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்தான். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. பின்னால் ஒரு அட்டை, நடுவில் மவுண்ட், முன்னால் அக்ரிலிக், சுற்றிலும் கிளிப். ஒன்று ஒரு கிலோகூட வராது. பெட்டியோடு சேர்த்து 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். பின் அட்டைக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) போடாதீர்கள், அதிலிருக்கும் அமிலம் வருஷக்கணக்கில் தாளைப் பழுப்பாக்கும். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் விலைதான்.

நீங்கள் வரும் மாதங்கள் சரியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மழை. படத்துக்குப் படம் பட்டர் பேப்பர் வையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள், ஊர் வந்து சேர்ந்ததும் பெட்டியை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். கட்டிலுக்கு அடியில் மூடியே வைத்திருந்துவிட்டுக் கண்காட்சி அன்று காலையில் திறந்தால், பூஞ்சை உங்களுக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இடம் பற்றிச் சுருக்கமாக. குமாரகிருபா ரோட்டில் சித்ரகலா பரிஷத் கேலரிகள், எம்.ஜி. ரோடு மெட்ரோவை ஒட்டிய ரங்கோலி, இவையெல்லாம் வாடகைக்குக் கிடைப்பவை. ஆனால் முன்பே பதிவு செய்ய வேண்டும், பயணத் தேதியோடு அது பொருந்துவது கஷ்டம். ஜனவரியில் பரிஷத் வாசலில் நடக்கும் சித்திரச் சந்தையில் தெருவிலேயே உட்கார்ந்து படம் காட்டலாம், விற்கலாம். அது உங்கள் விடுப்புக்குள் வரவில்லை. மிச்சம் இருப்பது சபை ஹால்கள். லிங்கராஜபுரம், ஹலசூரு, விவேக்நகர், ஆஸ்டின் டவுன் பக்கம் தமிழ் ஆராதனை நடக்கும் இடங்களில் ஹால் இல்லாத இடம் குறைவு. வாடகையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, சுவரில் ஆணி அடிக்கலாமா என்பது. பழைய ஹால்களெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு. டபுள் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது பூச்சும் கூடவே வரும். ஒரு இடத்தில் எனக்கு அப்படி ஆகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த பிறகுதான் சாவி வாங்கிக்கொண்டார்கள். நான் இப்போது சுவரையே தொடுவதில்லை. துணி காயவைக்கும் மடக்கு ஸ்டாண்டுகளை விரித்து, மேலே காடா துணியைப் போர்த்தி, பைண்டர் கிளிப்பில் நைலான் கயிறு கட்டித் தொங்கவிடுகிறேன். ஒரு படத்துக்கு இடைவெளியோடு இரண்டு அடி, ஆக 24 படத்துக்கு 48 அடி. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலே முக்கால் அடியில் இருக்கட்டும். டியூப் லைட் அக்ரிலிக்கில் கண்ணாடி மாதிரி அடிக்கும். மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டால் போதும்.

சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் செப்டம்பர் 8 திருவிழா, லட்சக்கணக்கில் கூட்டம் வருமே, அங்கே ஓரமாக வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அந்தத் தெருவில் வளர்ந்தவள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்தே காவிப் புடவையும் மெழுகுவர்த்தியுமாக வருகிற ஜனம் வேண்டுதலோடு வருகிறது, படத்தின் முன்னால் நின்று யோசிப்பதற்கு அங்கே யாருக்கும் கால் வைக்க இடமில்லை.

நம் ஜனம் படத்தை எப்படிப் பார்க்கும் என்பதை எந்த கேலரிப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கத்தோலிக்கப் பங்கு ஹாலில் மூன்று நாள் கண்காட்சி. முதல் நாள் சாயங்காலம் வாசலில் பார்த்தால் செருப்புக் குவியல். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே ஒரு பாட்டி, இடுப்பில் பேரனோடு, வரிசையாக ஒவ்வொரு படத்தையும் தொட்டு முத்தமிட்டுக்கொண்டே போகிறார். யூதாஸ் படத்தையும் தொட்டார். மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது குழந்தை இயேசுவின் கரிக்கோட்டுச் சித்திரத்துக்கு யாரோ இரண்டு முழம் மல்லிகை சாத்தியிருந்தார்கள். தண்ணீர் தெளித்த மல்லிகை. நல்ல வேளை, அக்ரிலிக் போட்டிருந்தோம், ஓரத்தில் மட்டும் ஒரு பழுப்புக் கறை. ‘தொடாதீர்கள்’ என்று போர்டு வைக்கலாமா என்று கமிட்டியில் பேசி, வைக்கவில்லை. அந்த ஒரு படத்தின் கீழே பூ வைக்க ஒரு தட்டு வைத்தோம். சிஎஸ்ஐ ஹாலில் இதே தட்டை வைத்திருந்தால் போதகர் என்னை வெளியே அனுப்பியிருப்பார். எந்த ஹாலில் எது பொருந்தும் என்று அந்தந்தச் சபையிலேயே ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தின் கீழே ஒட்டும் குறிப்புச் சீட்டிலும் இதே கதை. ஒரு முறை பழைய கத்தோலிக்க வழக்கப்படி ‘அருளப்பர்’ என்று எழுதிவிட்டேன். என் மாமியாரே ‘யாரம்மா அது?’ என்று கேட்டார். யோவான் என்றதும்தான் ‘அப்படிச் சொல்லேன்’ என்றார். இப்போது கத்தோலிக்கரும் யோவான், பேதுரு என்றே சொல்வதால் அது ஓரளவு தீர்ந்த பிரச்சினை. சீட்டில் கன்னடம் மேலே, அப்புறம் தமிழ், ஆங்கிலம். வெளியே தொங்கவிடும் பேனரில் கன்னடம் பெரிதாக இருக்கட்டும். இது பயத்தினால் சொல்வதில்லை. காவிரிப் பிரச்சினை சூடான வாரங்களில் தமிழ் மட்டும் எழுதிய பேனர் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பது ஒரு பக்கம்; பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் படிக்க முடியாத அழைப்பு என்ன அழைப்பு என்பது இன்னொரு பக்கம்.

இனி கொஞ்சம் சிக்கலான இடம். நீங்கள் அனுப்பிய நாலு படங்களில் மரியாளும் மேய்ப்பர்களும் மலைக்கிராமத்து மக்களின் உடையில், வளையத்தில், சாயலில் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி இந்த நாட்டில் பழையது, இன்னும் முடியவில்லை. கோவாக்காரரான ஆஞ்சலோ டா ஃபொன்சேகா, சாந்திநிகேதனில் படித்தவர், மரியாளுக்குச் சேலை கட்டி வரைந்தபோது சொந்த ஊர்க் கத்தோலிக்கர்களே அவரைச் சகித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹட்சின்ஸ் ரோட்டில், தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள் 1967-ல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இருக்கிறது. அங்கே கோயில் கட்டடத்திலும் வழிபாட்டிலும் இந்திய வடிவங்களைக் கொண்டுவந்ததற்கு உள்ளிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. அந்த நிலையத்துக்காக வேலை செய்த ஜோதி சாஹி, நகரத்துக்கு வடக்கே சில்வேபுராவில் ஓவிய ஆசிரமம் வைத்திருப்பவர், இதே விஷயத்தில் ஆயுள் முழுக்கச் செலவழித்தவர். போய்ப் பார்க்க முடிந்தால் நிலையத்தின் கோயிலை ஒரு தடவை பாருங்கள். கிறிஸ்தவர் சிலர் ‘இது இந்து வடிவம்’ என்பார்கள், இந்துக்கள் சிலர் ‘எங்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆளைப் பிடிக்கிறார்கள்’ என்பார்கள். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்த வரைக்கும், வரைந்தவர் அந்த மக்களோடு வாழ்ந்திருந்தால் படத்தில் அது தெரிகிறது, வெறும் வேஷம் போட்டிருந்தாலும் தெரிகிறது. ஒன்று மட்டும், ஃபொன்சேகா படங்களைப் பிரிண்ட் எடுத்து உங்கள் படங்களோடு வைக்கலாமா என்று கேட்டீர்கள். அவர் இறந்தது 1967. நம் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு, அதாவது 2027 முடியும் வரை. உரிமையாளரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

உங்கள் படங்களில் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அந்த முகங்களெல்லாம் நிஜ மனிதர்களுடைய முகங்கள், இல்லையா? சமாரியப் பெண்ணின் நெற்றியில் பச்சை குத்திய கோடுகள், இடது புருவத்தில் தழும்பு. இது யாரோ ஒருவர். பெங்களூரு ஹாலில் யாராவது போனில் எடுப்பார்கள், வாட்ஸ்அப்பில் போடுவார்கள், ‘இவர்கள் இயேசுவை ஏற்றுக்கொண்ட கிராமம்’ என்று பக்தியோடு ஒரு வரியும் சேர்ப்பார்கள். அது ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணின் பஞ்சாயத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் ஒடிசாவின் கந்தமாலில் 2008-ல் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்புச் சீட்டில் ஊர்ப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். அடையாளம் தெரியும் முகங்களை, அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்காத வரை, பெட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 60-ஐ 24 ஆக்க வேண்டும் என்றேனே, கழிப்பதை இங்கிருந்து தொடங்கலாம்.

சட்டம். சொந்தச் சபை ஹாலுக்குள் படம் மாட்டியதற்கு நான் இதுவரை தனி அனுமதி வாங்கியதில்லை. ஆனால் மைக் வெளியே வைத்தாலோ தெருவில் பந்தல் போட்டாலோ காவல் நிலையத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். கர்நாடகத்தில் 2022-ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2023 ஜூனில் அதைத் திரும்பப் பெற அமைச்சரவை முடிவெடுத்தது. நீங்கள் வரும் நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் ‘ஆசை காட்டுதல்’ என்பதற்கு அன்பளிப்பும் அடக்கம். குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி வைத்துப் பரிசு தருவேன், புதிய ஏற்பாடு இலவசமாகக் கொடுப்பேன் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிடுங்கள். ஒடிசாவில் 1967-லிருந்தே இப்படி ஒரு சட்டம் இருப்பதால் இந்த ஜாக்கிரதை உங்களுக்குப் புதிதல்ல. உங்களோடு வரும் கொரிய நண்பர் சுற்றுலா விசாவில் வருகிறார் என்றீர்களே, அதுதான் ஆபத்து. சுற்றுலா விசாக்காரர் வழிபாட்டுத் தலங்களுக்குப் போகலாம், ஆராதனையில் உட்காரலாம். பிரசங்கம் செய்வதும், மதக் கருத்துக்களைப் பரப்பும் துண்டுப் பிரசுரம், ஒலி-ஒளிக் காட்சி இவற்றில் ஈடுபடுவதும் கூடாது. அவர் பார்வையாளராக வந்து டீ குடித்துவிட்டுப் போகட்டும். ஸ்டாண்டு தூக்குவதற்குக்கூட அவரைக் கூப்பிடாதீர்கள்.

சரி, கடைசி வரிக்கு வருகிறேன். இந்த நாட்டில் ஊழியக்காரர் படம் தூக்கிக்கொண்டு அலைந்தது புதிதா என்ன? 1580-ல் இயேசு சபைக் குருக்கள் ஃபதேபூர் சிக்ரிக்குப் போய் அக்பரிடம் கொடுத்தது ஆன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி வேதாகமம். பாதுஷாவின் ஓவியர்கள் அதிலிருந்த சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். குருக்கள் எதிர்பார்த்தபடி அக்பர் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் கேசு தாஸ் போன்ற அரண்மனை ஓவியர்கள் ஐரோப்பியச் சித்திரங்களைப் பார்த்து வரைந்த கிறிஸ்தவப் படங்கள் இன்றும் இருக்கின்றன. குருக்கள் கணக்கில் அது தோல்வி. ஓவியர்கள் கணக்கில் எப்படியோ.

என் அபிப்பிராயம் இதுதான்: படம் மாட்டியிருக்கும் அறையில் பிரசங்கம் வேண்டாம், காணிக்கைத் தட்டும் வேண்டாம். ஆராதனையில் உங்கள் பணித்தளம் பற்றிப் பேசுங்கள், காணிக்கை எடுங்கள், அது வேறு நேரம், வேறு இடம். படத்தின் முன்னால் நிற்கிறவர் பக்கத்தில் நீங்கள் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த நிமிஷம், அவர் உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறார்; படத்தைப் பார்ப்பது நின்றுவிடுகிறது. இதை நான் எத்தனையோ தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் சும்மா உட்காருங்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். மூன்று நாள் வாய் மூடி உட்கார ஒரு மிஷனரியால் முடியுமா என்று என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுக் கேட்கிறார். முடிந்தால், ஆசைக்காகச் செய்கிறோமோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு அந்த ஸ்டூலிலேயே பதில் கிடைத்துவிடும். முடியாது என்று தோன்றினால் படங்களை ஒடிசாவிலேயே வைத்துவிட்டுப் பிரசங்கத்துக்கு மட்டும் வாருங்கள், அதிலும் குறை ஒன்றும் இல்லை.

வருவதாக இருந்தால் ஸ்டாண்டு வாங்கிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். என்னிடம் எட்டு இருக்கிறது, காடா துணி இரண்டு சுருள் இருக்கிறது. ஒரு ஸ்டாண்டுக்கு மட்டும் ஒரு கால் ஆடும், அதற்கு அடியில் மடித்து வைக்க அட்டையும் தருகிறேன். மும்பைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் திருப்பிக் கொடுத்தால் சரி.